மிஸ் சொன்னது குழந்தைக்குப் போய்ச் சேர்ந்ததா?

பின்னாலிருந்து பாட்டி மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குழந்தை திரும்பிப் பார்க்கிறது. காதில் செவித்துணைக் கருவி இருக்கிறது, அல்லது காக்ளியர் இம்பிளான்ட் அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகியிருக்கிறது. ஆடியாலஜிஸ்ட் சோதித்துப் பார்த்து, கருவி நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று வயதில் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கிறார்கள். இரண்டே மாதத்தில் புகார் வருகிறது: “கூப்பிட்டா திரும்பறதே இல்லைங்க. எதைச் சொன்னாலும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் செய்யறான். கவனமே கிடையாது.” வீட்டில் கேட்கிற காது பள்ளியில் ஏன் கேட்பதில்லை?

செவித்திறன் குறைந்த குழந்தைக்கு மழலையர் பள்ளி தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் சுற்றிச் சுற்றி வருகின்றன. சிறப்புப் பள்ளியில் போடுவதா, எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளியில் போடுவதா? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பெரியப்பா ஒன்று சொல்வார், மாமியார் வேறொன்று சொல்வார், மருத்துவமனை வாசலில் சந்தித்த இன்னொரு தாய் தன் அனுபவத்தைச் சொல்வார். பெயர்ப்பலகையை வைத்துத் தொடங்கும் இந்த விவாதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது: காலை ஒன்பதரை மணிக்கு அந்த வகுப்பறையில் பேசப்படுவதில் எவ்வளவு இந்தக் குழந்தைக்குப் போய்ச் சேரும்? எனக்குத் தெரிந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நிற்கின்றன. இதில் பாதியை ஒலியின் கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். மீதி மூளையின் வளர்ச்சி.

ஒலியிலிருந்தே ஆரம்பிப்போம். ஒருவர் சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல் இருக்கும். டெசிபல் என்பது ஒலியின் அளவைச் சொல்லும் அலகு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் இறங்கும். ஒரு மீட்டரில் 60 என்றால் இரண்டு மீட்டரில் 54, நான்கு மீட்டரில் 48. பாட்டி கூப்பிட்டது கைக்கெட்டும் தூரத்திலிருந்து, டிவி அணைத்துவைத்த மதிய வேளையில். மிஸ் நிற்பதோ கரும்பலகைக்குப் பக்கத்தில். நடுவே முப்பது பிள்ளைகள், தலைக்கு மேலே கடகடக்கும் மின்விசிறி, தரையில் இழுபடும் பிளாஸ்டிக் நாற்காலிகள், பக்கத்து வகுப்பில் ஒரே குரலில் பாடும் பாட்டு. பிள்ளைகள் நிறைந்த மழலையர் வகுப்பில் இரைச்சல் மட்டுமே 60 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம்.

கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் நம்மிடம் ஏதோ கேட்கிறார். வாய் அசைவது தெரிகிறது, குரலும் வருகிறது, ஆனால் சொல் பிடிபடுவதில்லை. அவர் குரல் குறைந்துவிடவில்லை, மேளம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே குரல் எத்தனை டெசிபல் என்பதைத் தனியாகக் கேட்டுப் பயனில்லை. இரைச்சலுக்கு மேலே அது எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதைக் கேட்க வேண்டும். இந்த வித்தியாசத்தைக் குரல்-இரைச்சல் இடைவெளி என்று அழைக்கலாம். நல்ல செவித்திறன் உள்ள பெரியவர் இடைவெளியே இல்லாத இடத்திலும், குரலும் இரைச்சலும் சமமாக இருக்கும்போதும், பேச்சை ஓரளவு பிடித்துவிடுவார். செவித்திறன் குறைந்த குழந்தைக்கு வகுப்பில் 15 டெசிபலாவது இடைவெளி வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. நான்கு மீட்டர் தள்ளி 48 டெசிபலில் வரும் குரலுக்கும் 60 டெசிபல் இரைச்சலுக்கும் நடுவே அந்த இடைவெளி எங்கிருந்து வரும்?

கருவி போட்டிருக்கிறோமே என்று தோன்றும். கருவி குரலைக் கூட்டும்போது இரைச்சலையும் சேர்த்துத்தான் கூட்டுகிறது. புதிய கருவிகள் முன்னாலிருந்து வரும் ஒலிக்கு முன்னுரிமை தரும், சில வகை இரைச்சலைத் தணிக்கும். ஆனாலும் பேச்சுக்கு நடுவே பேச்சு வந்தால், அதாவது மிஸ் குரலுக்குக் குறுக்கே இன்னும் பத்துக் குழந்தைகளின் குரல் வந்தால், எதை எடுப்பது எதை விடுவது என்று கருவிக்குத் தெரியாது.

இத்துடன் எதிர்முழக்கமும் சேர்கிறது. டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், திரைச்சீலை இல்லாத ஜன்னல் என்று இருக்கும் அறையில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து அடங்க நேரமாகும். முந்தைய அசையின் வால் அடுத்த அசையின் தலைமேல் விழும். மூடிய அறையில் தூரத்துக்கு ஏற்ப ஒலி அவ்வளவாகக் குறைவதில்லை என்பது உண்மை. ஆனால் வந்து சேரும் ஒலி கலங்கிப்போய் வருகிறது. அமெரிக்காவின் வகுப்பறை ஒலித்தர விதி, சிறிய வகுப்பறையில் ஆளில்லாதபோது இரைச்சல் 35 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், எதிர்முழக்கம் 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும் என்று சொல்கிறது. நம்மூர்ப் பள்ளிகளில் இதை யாரும் அளப்பதில்லை. அறைக்கு நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி உடனே நின்றால் நல்லது. சுவரெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னால் அந்த அறையில் இந்தக் குழந்தை படாதபாடு படும்.

கலங்கலில் முதலில் காணாமல்போவது மெய்யொலிகள். பேச்சின் பலம் உயிரொலிகளில் இருக்கிறது. க, ச, த, ப போன்றவை கணநேரத்தில் வந்து மறையும் மெலிந்த ஒலிகள். பால், கால், வால் என்று மூன்று சொற்களைச் சொல்லிப் பாருங்கள். உயிரொலி மட்டும் காதில் விழும் குழந்தைக்கு மூன்றுமே ‘ஆல்’தான். தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டுக்கு, வீட்டில், வீட்டிலிருந்து என்று பொருளை மாற்றும் உருபுகள் எல்லாம் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்கின்றன. ‘ஓடு’ என்பதற்கும் ‘ஓடாதே’ என்பதற்கும் உள்ள வித்தியாசம்கூட வால்பகுதியில்தான். பேசுபவரின் குரல் தாழ்வதும் பெரும்பாலும் அங்கேதான். ‘ஓடாதே’ என்று சொன்ன பிறகும் ஓடுகிற குழந்தை அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கும்.

பெரியவர்களாகிய நமக்குப் பாதி காதில் விழுந்தால் போதும், தெரிந்த மொழியை வைத்து மீதியை நிரப்பிக்கொள்வோம். மூன்று வயதுக் குழந்தை அந்த மொழியையே இப்போதுதான் கற்கிறது, எதை வைத்து நிரப்பும்? இரைச்சலைக் கலந்து சொற்களை ஒலிக்கவிட்டு, திரும்பச் சொல்லச் சொல்லும் சோதனைகளைப் பல வயதினரிடம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். செவித்திறன் சரியாக உள்ள குழந்தைகளேகூடப் பதின்பருவத்தை நெருங்கும்போதுதான் இதில் பெரியவர்களின் அளவை எட்டுகிறார்கள். மிஸ் காதுக்குத் தெளிவாக இருக்கும் வகுப்பு குழந்தையின் காதுக்கும் தெளிவாக இருக்கும் என்று நம்ப முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

நல்ல செய்தி என்னவென்றால், இதில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடலாம். ஆசிரியர் கழுத்தருகே சிறிய மைக் ஒன்றை மாட்டிக்கொண்டால், அவர் குரல் வானொலி அலையாக நேரே குழந்தையின் கருவிக்கே போய்விடும். எஃப்.எம். சிஸ்டம் என்றும் ரிமோட் மைக் என்றும் இதைச் சொல்கிறார்கள். நான்கு மீட்டர் தூரம் ஒரு சாண் ஆகிவிடுகிறது. அது வாங்க வசதியில்லாத இடத்தில் பாய், துணித் திரை, சுவரில் துணி ஒட்டிய பலகை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை ஆகியவையே நல்ல மாற்றம் தரும். எல்லாவற்றையும்விட, முப்பது பேர் வகுப்புக்குப் பதில் பன்னிரண்டு பேர் வகுப்பு கிடைத்தால் அதை விடக்கூடாது.

இவ்வளவு அவசரம் ஏன், ஐந்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்கும் காது உள்ள பிள்ளைகளுக்கே ஐந்து வயதில்தானே அந்தக் காலத்தில் பள்ளி என்பார்கள். இதற்கு விடை மூளையில் இருக்கிறது.

தலையில் மின்முனைகளை ஒட்டி, ஓர் ஒலியைக் கேட்கவிட்டால், மூளையின் கேட்புப் பகுதி அதற்குப் பதிலாக எழுப்பும் மின்னலையைப் பதிவுசெய்யலாம். அதில் முதலில் எழும் முகட்டுக்குப் பி1 என்று பெயர். பிறந்த குழந்தையிடம் அது ஒலி வந்து சுமார் 300 மில்லி விநாடி கழித்து எழும். வயது ஏற ஏற விரைவாகி, பெரியவர்களிடம் சுமார் 60 மில்லி விநாடியில் எழுந்துவிடும். ஆகவே இந்த நேரத்தை அளந்தால் கேட்புப் பாதை எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது தெரியும். குழந்தை பேசத் தேவையில்லை, கைதூக்கத் தேவையில்லை, பொம்மைப்படம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆராய்ச்சியாளர் அனு ஷர்மாவும் அவரது குழுவினரும் பிறவியிலேயே காதுகேளாத குழந்தைகளிடம் இதை அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். மூன்றரை வயதுக்குள் இம்பிளான்ட் பொருத்தப்பட்ட குழந்தைகளின் பி1 சில மாதங்களிலேயே அந்தந்த வயதுக்குரிய நேரத்தை எட்டியது. ஏழு வயதுக்கு மேல் பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் அது பல ஆண்டுகள் கழித்தும் பின்தங்கியே இருந்தது. ஒலி வராமல் காத்திருக்கும் மூளைப்பகுதி சும்மா இருப்பதில்லை, பார்வை முதலிய பிற வேலைகளுக்குப் போய்விடுகிறது. கற்பதற்கு மூளை அதிகம் இணங்கும் இந்தத் தொடக்க ஆண்டுகளைப் பக்குவப் பருவம் எனலாம். கதவு ஒரே நாளில் அடைபடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து வயதில் வந்த குழந்தையைப் பார்த்து இனி ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் அது தவறு. ஆனால் மூன்றிலிருந்து ஐந்துக்குள் போகும் ஆண்டுகள் திரும்பக் கிடைப்பதும் இல்லை.

அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதே திசையைக் காட்டுகிறது. செவித்திறன் குறைந்த 150 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். ஆறு மாத வயதுக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி தொடங்கப்பட்டவர்கள், பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள். குறைபாட்டின் அளவு, குடும்ப வசதி என்று எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் நின்றது.

காதில் போய் விழுந்துவிட்டால் மட்டும் போதுமா? நாள் முழுதும் டிவி ஓடும் வீட்டில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ரேச்சல் ரோமியோவும் குழுவினரும் நான்கு முதல் ஆறு வயதுள்ள 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, அவர்களது மூளையையும் படமெடுத்து 2018-இல் எழுதினார்கள். இவர்கள் செவித்திறன் சரியாக உள்ள பிள்ளைகள். மூளையின் மொழிப்பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்பது கேட்ட சொற்களின் எண்ணிக்கையைவிட, பேச்சு எத்தனை முறை கைமாறியது என்பதோடுதான் பொருந்தி வந்தது. குழந்தை சொன்னதைப் பிடித்துப் பெரியவரோ, பெரியவர் சொன்னதைப் பிடித்துக் குழந்தையோ பதில் சொல்வது ஒரு பேச்சுச் சுற்று. ஆகவே வகுப்பைப் பார்க்கப் போகும்போது மிஸ் எவ்வளவு பேசுகிறார் என்று பார்க்காமல், ஒரு குழந்தையோடு எத்தனை சுற்று நிற்காமல் போகிறது என்று பாருங்கள். “இது என்ன கலர்?” “சிவப்பு.” “வெரி குட்.” இத்தோடு முடிந்தால் அது ஒரே சுற்று. “சிவப்பா? உன் சட்டையும் சிவப்பாச்சே, யார் வாங்கிக் குடுத்தா?” என்று தொடர்ந்தால் அங்கே மொழி வளர்கிறது.

கூடப் படிக்கும் பிள்ளைகளும் இதில் ஆசிரியர்கள்தான். லாரா ஜஸ்டிஸ் தலைமையில் 670 மழலையரை ஓர் ஆண்டு கவனித்த ஆய்வு 2014-இல் வந்தது. பல வகை ஊனமுள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒன்றாகப் படித்த வகுப்புகள் அவை. நன்றாகப் பேசும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இருந்த ஊனமுள்ள குழந்தைகளின் மொழி அதிகம் வளர்ந்தது. நன்றாகப் பேசும் பிள்ளைகளுக்கு இதனால் இழப்பு வந்ததாகத் தெரியவில்லை. இதை எல்லாப் பிள்ளைகளோடும் படிக்கவைப்பதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் செவித்திறன் குறைந்த குழந்தைக்கு அந்தப் பேச்சு எட்டினால்தானே பயன்? கேட்கும் பிள்ளைகள் பல சொற்களை யாரும் கற்றுக்கொடுக்காமல், ஆயாம்மாவும் மிஸ்ஸும் தங்களுக்குள் பேசுவதை ஒட்டுக்கேட்டே கற்றுக்கொள்கிறார்கள். அந்த வழி இந்தக் குழந்தைக்கு அடைபட்டிருக்கிறது. விளையாட்டுத் திடலில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை சேர்ந்து படிக்கிறது என்று பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும்.

காது வழியாக மொழி போதுமான அளவு வராத குழந்தைக்குக் கண் வழியாக வரலாம். இதில் நம் குடும்பங்களுக்குப் பெரிய தயக்கம் இருக்கிறது. சைகை கற்றால் பேச்சு வராது என்று பலரிடமும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஆராய்ச்சியாளர்களிடையே இந்த வாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், இரண்டு விஷயங்களில் சந்தேகம் இல்லை. சைகை மொழி இலக்கணம் உள்ள முழு மொழி. காதுகேளாத பெற்றோரிடம் வளரும் காதுகேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் வயதிலேயே கையால் மழலை பேசுகிறார்கள் என்று லாரா ஆன் பெட்டிட்டோ 1991-இல் காட்டினார். மற்றது, மொழியே இல்லாமல் காத்திருப்பதால் வரும் சேதம்.

அந்தச் சேதத்தைக் காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் 1983-இல் அமைத்தது. நம்மூர் ஆட்களை வைத்துச் சொல்கிறேன். முருகன் லட்டைத் தூக்குவாளியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை எடுத்து அலமாரியில் வைக்கிறாள். முருகன் திரும்பி வந்தால் லட்டை எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை, தனக்குத் தெரிந்தது முருகனுக்கும் தெரியும் என்று நினைத்து, அலமாரியைக் காட்டும். நான்கைந்து வயதில் தூக்குவாளியைக் காட்டிவிடும். அடுத்தவர் மனதில் இருப்பது வேறு என்று புரிந்துவிட்டது என்று பொருள். ஆஸ்திரேலியாவில் கேண்டிடா பீட்டர்சனும் மைக்கேல் சீகலும் காதுகேளாத, எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதே வகைச் சோதனையைச் செய்து 1995-இல் எழுதினார்கள். பெரும்பாலோர் தவறான இடத்தைக் காட்டினார்கள். அறிவில் குறையில்லாத பிள்ளைகள் அவர்கள். ஆனால் சைகை சரளமாகப் புழங்கும் காதுகேளாத குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் உரிய வயதிலேயே சரியாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. இருவருக்கும் காது கேட்காது. ஒருவருக்கு வீட்டில் பேச ஆள் இருந்தது. “அவன் ஏன் அழுகிறான்?”, “அவளுக்குத் தெரியாதே, அதனால்தான் கேட்டாள்” என்ற பேச்சிலிருந்துதான் மற்றவர் மனம் பிடிபடுகிறது. காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றன என்று அமெரிக்கக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. அந்தப் பெற்றோரில் பெரும்பாலோருக்குச் சைகை தெரியாது. என் கருத்தில், கருவியால் பேச்சு தெளிவாக வரும்வரை வேறு மொழியே கூடாது என்று குழந்தையைப் பட்டினி போடுவது பெரிய தவறு.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயாவில் பெற்றோரும் வகுப்பில் குழந்தையோடு உட்கார்ந்து, பேச்சை வளர்ப்பது எப்படி என்று கற்றுக்கொள்கிறார்கள். சில ஆண்டுகளில் குழந்தையைப் பொதுப்பள்ளிக்கு அனுப்புவதே நோக்கம். மைசூரின் அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனத்திலும் மழலையர் பிரிவு உண்டு. தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை ஆதரவில் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் நடக்கின்றன. இம்பிளான்ட் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை உறுதி செய்வது ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை. பக்குவப் பருவத்தின் பெரும்பகுதி கழிந்த பிறகுதான் அந்த உறுதி தொடங்குகிறது என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு போகாதீர்கள். வகுப்பு நடக்கும்போது, இரைச்சல் உச்சத்தில் இருக்கும்போது, அரைமணி நேரம் பின்வரிசையில் உட்காரக் கேளுங்கள். விடமாட்டோம் என்றால் அந்தப் பள்ளியை யோசிக்கவே வேண்டாம். காலையில் குழந்தை வந்ததும் கருவி வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இதற்கு டேனியல் லிங் என்ற ஆராய்ச்சியாளர் வகுத்த ஆறொலிச் சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு, இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டதும் குழந்தை ஒரு கட்டையைப் பெட்டியில் போடும், அல்லது திரும்பச் சொல்லும். ‘ம்’ தாழ்ந்த அதிர்வெண், ‘ஸ்’ உயர்ந்த அதிர்வெண். இந்த ஆறும் கேட்டால் பேச்சின் வீச்சு முழுவதும் ஏறக்குறைய எட்டுகிறது என்று பொருள். நேற்றுவரை ‘ஸ்’ கேட்ட குழந்தைக்கு இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரியோ குழாயோ சளியோ, ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. இரண்டு நிமிட வேலை. எந்த ஆசிரியரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்கிறேன் என்று முகம் மலர்ந்து சொல்கிற மிஸ் கிடைத்தால், கட்டடம் பழசாக இருந்தாலும் அங்கே சேர்க்கலாம்.

சின்ன ஊர்களில் தேர்ந்தெடுக்கப் பத்துப் பள்ளிகள் இருக்காது. ஓர் அங்கன்வாடி, ஒரு தனியார் நர்சரி, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பயிற்சி மையம். வாரத்தில் இரண்டு நாள் மையத்துக்கும் மீதி நாள் அங்கன்வாடிக்கும் அனுப்பும் குடும்பங்கள் உண்டு, அதில் தவறில்லை. தினமும் மூன்று மணி நேரம் பேருந்தில் தூங்கிக்கொண்டே போய்வரும் குழந்தைக்குப் பேச்சுச் சுற்றுகள் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேர்த்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேச்சுப் பயிற்சியாளரிடம் மொழி மதிப்பீடு செய்யுங்கள். ஆறு மாதத்தில் ஆறு மாத அளவு மொழி வளர்ந்திருந்தால் பள்ளி பொருந்தியிருக்கிறது. பின்தங்கியிருந்த குழந்தை அதற்கு மேலேயும் வளர்ந்திருந்தால் மிக நல்லது. மூன்று மாத அளவுதான் வளர்ந்திருக்கிறது என்றால் முதலில் கருவியைச் சோதியுங்கள், பிறகு வகுப்பில் போய் உட்காருங்கள், இரண்டும் சரியாக இருந்தும் வளரவில்லை என்றால் சைகையைச் சேர்ப்பதா பள்ளியை மாற்றுவதா என்று பயிற்சியாளரோடு பேசுங்கள். கட்டிய ஃபீஸை நினைத்து அடுத்த ஜூன் மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.